கழன்று போகாத அளவுக்குக் கடினம்: ஆன்லைன் சைக்கிள் ரைடுகளில் உங்கள் குழுவைக் கண்டுபிடிப்பது எப்படி

வீட்டுக்குள் நிறுத்திவைத்த சைக்கிளை மிதிக்க மிதிக்க, ஆப்பின் திரையில் நம் உருவம் மற்றவர்களோடு சேர்ந்து ஓடும், அதுதான் ஆன்லைன் ரைடு. முதன்முதலாக அப்படி ஒரு ரேஸில் சேர்ந்தபோது நாலே நிமிடத்தில் குழுவிலிருந்து கழன்றுவிட்டேன். மீதி ஐம்பது நிமிடம் திரையில் ஆளே இல்லாத ஒரு ரோடு, அறையில் நானும் மின்விசிறியும். அடுத்த வாரம் சூடு கண்ட பூனையாக மெதுவான குழு ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டேன். அதில் பெடலை மிதித்தேனா, ஊஞ்சலில் உட்கார்ந்து காலை ஆட்டினேனா என்று எனக்கே சந்தேகம். இரண்டு நாளும் வியர்த்தது உண்மை, ஆனால் இரண்டுமே நான் தேடிய ரைடு இல்லை.

கடினமான ரைடு என்று தனியாக ஒன்று இல்லை, உங்களுக்குக் கடினமான ரைடுதான் உண்டு. குழுவின் கடைசிப் பத்துப் பேரில் ஒருவராக, இதோ விட்டுவிடுவேன் என்று மூன்று நான்கு முறை தோன்றி, ஆனால் விடாமல் கடைசிவரை குழுவுக்குள்ளேயே இருந்து முடிக்கிற ரைடு எதுவோ அதுதான் உங்களுக்கானது. அதை அதிர்ஷ்டத்தில் தேடாமல் கொஞ்சம் கணக்குப் போட்டுத் தேடலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்குதான்.

சாமான்கள், சுருக்கமாக

ஒரு சைக்கிள், அதை நிறுத்திவைத்து மிதிக்க உதவும், மிதிப்பை அளந்து ஆப்புக்கு அனுப்பும் ஒரு ஸ்மார்ட் ட்ரெய்னர், ஒரு போன் அல்லது கணினி, நெஞ்சில் கட்டும் இதயத் துடிப்பு பெல்ட். ட்ரெய்னரில் இரண்டு வகை உண்டு. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரடியாக மாட்டுவது ஒன்று, டயரை உருளையில் அழுத்தி வைப்பது இன்னொன்று. நீங்கள் பெடலில் போடும் சக்தியை வாட் கணக்கில் அளப்பார்கள். முதல் வகை காட்டும் வாட் அளவில் பெரும்பாலும் ஓரிரண்டு சதவீதம்தான் பிசகும். இரண்டாவது வகையில் டயரின் காற்று, சூடு, எவ்வளவு அழுத்தி வைத்தீர்கள் என்பதெல்லாம் சேர்ந்து பிசகு கூடும். உங்களிடம் இருப்பது அதுவானால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று அடித்து, பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு அளவு திருத்திக்கொள்ளுங்கள். அதற்கான பட்டன் ட்ரெய்னரின் ஆப்பிலேயே இருக்கும்.

மின்விசிறியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் அலட்சியம் செய்கிறார்கள். நாம் சாப்பிட்டுச் செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு, சில நேரம் ஐந்தில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடு. நீங்கள் 200 வாட்டில் மிதித்தால் உடம்பு ஏறக்குறைய 700 வாட் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு சின்ன அறை ஹீட்டர்தான். வெளியே ஓட்டும்போது எதிர்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும், அறைக்குள் அள்ள ஆள் இல்லை. அரை மணி நேரம் கழித்து இதயத் துடிப்பு தானாக ஏறுவதையும் கால் கனப்பதையும் பலர் தங்களுக்குத் தெம்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் அது வெறும் சூடு. பெரிய மின்விசிறியை நேராக நெஞ்சைப் பார்த்து வையுங்கள், முடிந்தால் முதுகுக்கு ஒன்று. கையெட்டும் இடத்தில் ஒரு துண்டும் வேண்டும்.

முதல் வேலை: உங்கள் எண்

இது இல்லாமல் குழு தேடுவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற மாதிரி. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தொடர்ந்து தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட் எவ்வளவோ, அதை எஃப்டிபி என்பார்கள். அதற்காக ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டியதில்லை, இரண்டு குறுக்கு வழி இருக்கிறது. ஒன்று, நன்றாக உடம்பைச் சூடேற்றிவிட்டு 20 நிமிடம் முழு முயற்சியில் ஓட்டி, வரும் சராசரியை 0.95-ஆல் பெருக்குவது. இன்னொன்று படிச் சோதனை: நிமிடத்துக்கு நிமிடம் வாட் ஏறிக்கொண்டே போகும், கால் நிற்கும்வரை ஓட்டி, கடைசியில் தாங்கிய சிறந்த ஒரு நிமிடத்தின் 75 சதவீதத்தை எடுப்பது. புதியவர்களுக்கு இரண்டாவதுதான் என் சிபாரிசு. வேகத்தைப் பங்கிட்டு ஓட்டத் தெரியாதவர் 20 நிமிடச் சோதனையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே பெட்ரோலைத் தீர்த்துவிடுவார். படிச் சோதனையில் அந்தத் தவறுக்கு இடமில்லை.

வந்த எண்ணை உங்கள் எடையால் வகுங்கள். 70 கிலோ ஆள், எஃப்டிபி 196 வாட் என்றால் கிலோவுக்கு 2.8 வாட். இனி இதைக் கிலோ கணக்கு என்றே சொல்கிறேன். ஆன்லைன் ரைடு அறிவிப்புகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் பேசும்.

எடையை உண்மையாகப் போடுங்கள். எங்கோ ஞாபகத்தில் இருந்த பழைய எடையை, உண்மையைவிட ஐந்து கிலோ குறைவாகப் போட்டு நான் பல வாரம் ஓட்டியிருக்கிறேன். திரையில் மலை எல்லாம் லேசாக ஏறியது, சந்தோஷமாகத்தான் இருந்தது. சரியான எடையைப் போட்ட அன்று எந்தக் குழுவில் வழக்கமாக நிற்பேனோ அதே குழு மேட்டில் என்னை உதிர்த்துவிட்டுப் போனது. உயரத்தையும் சரியாகப் போடுங்கள், காற்றுத் தடையைக் கணக்கிட அதுவும் சேரும்.

இங்கேயே ஒரு வார்த்தை: நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் ரைடை அங்கேயே விட்டுவிட வேண்டும். இதயக் கோளாறு இருப்பவர்களும் பல வருடம் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்களும் இந்தச் சோதனைக்கு முன்னாலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. உச்ச முயற்சி என்றால் நிஜமாகவே உச்ச முயற்சிதான்.

எந்த ஆப்?

இதில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள், அவ்வளவுதான். ஸ்விஃப்ட் சந்தா கட்ட வேண்டிய ஆப், ஆனால் எந்த நேரம் நுழைந்தாலும் யாராவது ஓட்டிக்கொண்டிருப்பார்கள், குழு ரைடுகளும் ரேஸ்களும் நாள் முழுக்க வரிசையாக இருக்கும். அபுதாபியிலிருந்து வரும் மைவூஷ் இலவசம், செலவு செய்யாமல் பழகிப் பார்க்க நல்ல இடம், ரேஸ்களும் உண்டு. நிஜ சாலைகளின் வீடியோவில் ஓட்டப் பிடித்தால் ரூவி. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது ஏற்கெனவே ஓட்டுகிறார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் இருக்கும் ஆப்புக்கே போய்விடுங்கள். மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் தெரிந்த ஒரு ஆளுக்கு ஈடாகாது. நான் அதிகம் ஓட்டியது ஸ்விஃப்ட் என்பதால் கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான், கணக்கு எல்லா ஆப்புக்கும் ஒன்றே.

குழு ரைடு என்றால் ஒரே வகை இல்லை

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நான் நேரே ரேஸில் போய் விழுந்தேன்.

முதல் வகை, குழுப் பயிற்சி. எல்லோருக்கும் ஒரே பாடம், ஆனால் வாட் அவரவர் எஃப்டிபிக்கு ஏற்றபடி. ஆப் எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும், 150 வாட் ஆளும் 300 வாட் ஆளும் பக்கத்துப் பக்கத்தில் போவார்கள். கழன்று போகவே வழியில்லை. ட்ரெய்னர் தானாக எதிர்ப்பைப் பிடித்து வைக்கும் இஆர்ஜி முறை இதில் மட்டும்தான் பயன்படும். எஃப்டிபியைச் சரியாகப் போட்டிருந்தால் இது கச்சிதமாகக் கடினமாக இருக்கும். முதல் இரண்டு வாரம் இதிலேயே இருங்கள்.

இரண்டாவது, வேகம் பிடிக்கும் ரோபோ. ஸ்விஃப்டில் கோகோ, மரியா என்று பெயர் வைத்த ரோபோ ஓட்டிகள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கிலோ கணக்கு. மெதுவானவர் 1-ஐ ஒட்டி, வேகமானவர் 4-க்கும் மேல். பின்னால் எப்போதும் ஒரு கூட்டம் போய்க்கொண்டிருக்கும். நேரம் பார்த்துச் சேர வேண்டியதில்லை, பாதியில் இறங்கினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். உங்களுக்கு எந்த வேகம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது, ஒரு ரோபோவோடு அரை மணி நேரம், சுலபமாகத் தெரிந்தால் அடுத்த ரோபோவுக்குத் தாவலாம்.

மூன்றாவது, தலைவர் நடத்தும் ரைடு. தலைவர் தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு. பின்தங்கியவர்களை இழுத்துக்கொண்டு வரும் உதவியாளர்களுக்குச் சிவப்பு. அறிவித்த வேகத்தில் போவதாகச் சொல்வார்கள், அதற்கு மேலும் கேள்விகள் உண்டு, கீழே வருகிறேன்.

நான்காவது ரேஸ். ஏ, பி, சி, டி என்று பிரிவுகள். நீண்ட நாளாகப் புழங்கும் கணக்கு இது: 2.5-க்குக் கீழ் டி, 2.5 முதல் 3.2 வரை சி, 3.2 முதல் 4 வரை பி, அதற்கு மேல் ஏ. 2024-இலிருந்து ஸ்விஃப்டில் 0 முதல் 1000 வரை ரேஸ் மதிப்பெண் ஒன்றும் வந்திருக்கிறது, பல ரேஸ்கள் அதை வைத்தே ஆட்களைப் பிரிக்கின்றன. ரேஸ் என்றதும் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2020 டிசம்பரில் நடத்திய முதல் மின்விளையாட்டு சைக்கிள் உலகப் போட்டியில் ஆண்கள் பிரிவில் ஜெயித்த ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது தொழில்முறை சைக்கிள் வீரரே இல்லை, ஜெர்மனியின் துடுப்புப் படகு வீரர். அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக்கில் படகில் வெள்ளி வாங்கினார். காலில் வாட் இருந்தால் போதும், வளைவில் எப்படித் திரும்புவது என்ற வித்தை இங்கே வேண்டாம்.

அறிவிப்பைப் படிப்பது

ஆப்பில் நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். வடிகட்டியில் வகையையும் வேகத்தையும் தேர்ந்தெடுத்து, உங்களுக்கு ஒத்துவரும் இரண்டு மணி நேர இடைவெளியை மட்டும் பாருங்கள். நேரம் உங்கள் போன் கடிகாரப்படியேதான் காட்டும், நாட்டுக்கு நாடு மாற்றிக் கணக்குப் போட வேண்டாம்.

ஒரு அறிவிப்பில் 2.2 முதல் 2.6 வரை, ஒரு மணி நேரம் என்று இருக்கிறது. நமது 70 கிலோ ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 2.4 என்றால் 168 வாட். அவருடைய எஃப்டிபி 196, அதில் இது 86 சதவீதம். இதுதான் பார்க்க வேண்டிய எண், கிலோ கணக்கு அல்ல, உங்கள் எஃப்டிபியில் எத்தனை சதவீதம் என்பது. ஒரு மணி நேர ரைடுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இப்படி: 75-க்குக் கீழே என்றால் அது பேச்சுத்துணை ரைடு. 75 முதல் 82 வரை உழைப்பு தெரியும், ஆனால் தாங்கும். 83 முதல் 90 வரைதான் நாம் தேடும் இடம். 95-ஐத் தாண்டினால் எஃப்டிபியின் வரையறைப்படியே ஒரு மணி நேரம் முடிவது சந்தேகம். அதே ஆள் 3.2 குழுவில் போய் நின்றால் 224 வாட், 114 சதவீதம். நான் நாலே நிமிடத்தில் கழன்றதில் மர்மம் ஒன்றுமில்லை.

சரி, இந்தக் கணக்கை அப்படியே நம்பலாமா என்றால் முழுக்க நம்ப முடியாது, மூன்று காரணம். அறிவித்த வேகம் தலைவருடையது. குழுவுக்குள் மறைந்து ஓட்டினால் முன்னால் போகிறவர் காற்றை வெட்டித் தருவார், தட்டையான ரோட்டில் கால் பங்கு வாட்டாவது மிச்சமாகும். அதனால் 168 என்பது உங்களுக்கு 150-ஆகவும் ஆகலாம். இரண்டாவது, இதற்கு நேரெதிராக, எல்லாக் குழுவிலும் ரோஷக்காரர்கள் நாலு பேர் இருப்பார்கள், தலைவரைத் தாண்டிப் பறப்பார்கள், அவர்களைத் துரத்தி இன்னும் இருபது பேர். பார்த்துக்கொண்டே இருக்கும்போது 2.4 ரைடு 2.9 ஆகியிருக்கும். மூன்றாவது, சராசரி என்பது ஏமாற்றும். தட்டை ரோட்டில் 2.2, மேட்டில் 3.5, இரண்டும் சேர்ந்து சராசரி 2.4 வரலாம்.

ஆகவே அறிவிப்போடு நிற்காமல் அதே ரைடு போன வாரங்களில் எப்படி முடிந்தது என்று பாருங்கள். பெரும்பாலான நல்ல ரைடுகள் வாராவாரம் அதே நாள் அதே நேரம் நடப்பவை. ஸ்விஃப்ட்பவர் தளத்தில் முந்தைய முடிவுகள் கிடைக்கும்: யார் எத்தனை வாட்டில் முடித்தார்கள், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் எத்தனை நிமிட இடைவெளி. பட்டியலின் நடுவில் இருப்பவரின் கிலோ கணக்கைப் பாருங்கள், அதுதான் அந்த ரைடின் உண்மையான வேகம். ஐம்பது பேர் ஒரே நிமிடத்துக்குள் முடித்திருந்தால் அது கட்டுக்கோப்பான குழு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிமிடத்தில் முடித்திருந்தால் குழு என்பது பெயருக்குத்தான், அங்கே போனால் தனியாகத்தான் ஓட்டுவீர்கள்.

அறிவிப்பின் எழுத்தையும் கவனியுங்கள். யாரையும் விடமாட்டோம், தலைவரைத் தாண்டாதீர்கள் என்று எழுதியிருந்தால் அந்த வேகம் ஓரளவு நிற்கும். கடைசி பத்து நிமிடம் உங்கள் இஷ்டம் என்று எழுதியிருந்தால் அங்கே ஒரு குட்டி ரேஸ் இருக்கிறது என்று பொருள். ஒரு மணி நேரம் கட்டுப்பாடாகப் போய்க் கடைசியில் கட்டவிழ்த்து விடுகிற இந்த வகைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லோருக்கும் பொதுவான திறந்த வேகம் என்று மட்டும் எழுதியிருந்தால் எதற்கும் தயாராகப் போங்கள்.

எடையும் ரூட்டும்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பல மாதம் குழம்பினேன். தட்டையான ரோட்டில் எதிரி காற்று, அதை வெல்ல மொத்த வாட்தான் முக்கியம். மேட்டில் எதிரி எடை, அங்கேதான் கிலோ கணக்கு செல்லும். 55 கிலோ ஆள் 200 வாட் மிதித்தால் அது 3.6. அதே 200 வாட்டில் 85 கிலோ ஆளின் கணக்கு 2.35 மட்டும். ஆனால் தட்டை ரோட்டில் இருவரும் பெரிய வித்தியாசம் இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் போவார்கள், பெரிய உடம்புக்குக் காற்றுத் தடை கொஞ்சம் கூடும், அவ்வளவே. அதாவது ஒல்லியானவர் 2.4 என்று அறிவித்த தட்டை ரைடில் சேர்ந்து 3 மிதித்தும் மூச்சு வாங்குவார், தன்மேல் ஏதோ கோளாறு என்று நினைப்பார். கோளாறு எதுவும் இல்லை. கனமானவர் அதே ரைடில் சொகுசாகப் போவார், முதல் மேடு வரும்வரை.

இதைத் தெரிந்துகொண்டால் ரூட்டைப் பார்த்தே கடினத்தை ஏற்றி இறக்கலாம். ஒல்லியானவருக்குச் சவால் வேண்டுமென்றால் டெம்பஸ் ஃபியூஜிட் மாதிரி தட்டையான ரூட்டில் வேகக் குழு, கனமானவருக்கு மேடும் பள்ளமும் கலந்தது. நீண்ட மலை என்றால் வேறு கதை. ஸ்விஃப்டில் ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்ற ஏற்றம் பிரான்ஸின் ஆல்ப் டுவேஸ் மலையைப் பார்த்துச் செய்தது, 12.2 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். ஒரு மணி நேரத்துக்குள் ஏற கிலோவுக்கு ஏறக்குறைய 3.2 வாட் வேண்டும். அங்கே காற்று மறைப்பால் லாபம் இல்லாததால் குழு முதல் இரண்டு வளைவிலேயே சிதறிவிடும், அவரவர் எண்ணோடு அவரவர். உடம்புக்கு நல்லதுதான், மாதம் ஒருமுறை ஏறிப் பாருங்கள், ஆனால் கூட்டம் இழுத்துக்கொண்டு போகிற சுகத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு குழப்பம்: ட்ரெய்னர் கடினம் என்று ஒரு அமைப்பு இருக்கும், வழக்கமாகப் பாதியில் நிற்கும். அதைக் கூட்டினால் ரைடு கடினமாகும் என்று நினைத்துப் பலர் கூட்டிவிடுகிறார்கள். அது மேட்டில் கால் உணரும் பாரத்தை மட்டும்தான் மாற்றும், அதாவது அடிக்கடி கியர் மாற்ற வேண்டி வரும். மலை ஏறத் தேவையான வாட் துளியும் மாறாது. பாதியிலேயே இருக்கட்டும்.

சேரும் நாளில்

பதினைந்து நிமிடம் முன்னதாகவே ஏறி உடம்பைச் சூடேற்றுங்கள். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் இரண்டு மூன்று முறை ஒரு நிமிடம் நன்றாக அழுத்தி, மறுபடி லேசாக. தொடங்கும் கோட்டில் நின்றுகொண்டு கடிகாரம் சுழியத்தைத் தொட்ட பிறகு மிதிக்க ஆரம்பித்தால் முதல் பத்து வினாடியிலேயே ஐம்பது பேர் பின்னால் விழுவீர்கள். சுழியத்துக்குக் கொஞ்சம் முன்பே கால் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

முதல் மூன்று நான்கு நிமிடம் எப்போதும் பைத்தியக்கார வேகம்தான், ரேஸில் மட்டுமல்ல, சாது ரைடுகளிலும். அப்போது எஃப்டிபிக்கு மேலேயே மிதிக்க வேண்டி வரும், பயப்படாதீர்கள், அடங்கிவிடும். அடங்குவதற்குள் விட்டுவிட்டால்தான் கதை முடிந்தது.

அப்புறம் எங்கே நிற்பது? கடைசி ஆளாக வால் நுனியில் நிற்காதீர்கள். குழுவின் முன் மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் மேட்டில் கொஞ்சம் சறுக்கினாலும் பின்னால் இன்னும் ஆள் இருப்பார்கள், வாலில் சறுக்கினால் பிடிக்க ஆள் இல்லை. கடைசிப் பத்துப் பேரில் ஒருவராக முடிப்பது என்று மேலே சொன்னது தெம்பைப் பற்றி, நிற்கும் இடத்தைப் பற்றி அல்ல.

இடைவெளி விழுகிறது என்று தெரிந்த அந்த நொடியே அழுத்துங்கள். இரண்டு வினாடி முன்னால் இருபது முப்பது வாட் கூட்டியிருந்தால் சரியாகியிருக்கும் இடைவெளியை, தூங்கிவிட்டு மூட நூறு வாட் கூட்ட வேண்டியிருக்கும். ட்ரெய்னரில் மிதிப்பது திரைக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும், அதையும் கணக்கில் வைத்து மேடு திரையில் தெரியும்போதே அழுத்தத் தொடங்குங்கள், மேடு வந்த பிறகு அல்ல. எல்லாவற்றையும்விட மோசமான இடம் மேட்டின் உச்சி. ஏறிவிட்டோம் என்று நாம் மூச்சு விடுவோம், முன்னால் இருப்பவர்கள் ஏற்கெனவே இறக்கத்தில் உருள ஆரம்பித்திருப்பார்கள், நாம் இன்னும் மேட்டில். நான் கழன்ற ரைடுகளில் பாதி இந்த உச்சியில்தான். உச்சி தாண்டி பத்து எண்ணும்வரை விடாதீர்கள். இறக்கத்திலும் காலை முழுக்க நிறுத்தாமல் லேசாக மிதித்துக்கொண்டே இருங்கள்.

தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற கடின ரைடு என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படும், எந்த உருவத்தில் என்பது உங்கள் வயிற்றின் இஷ்டம்.

கழன்றுவிட்டால்

கழல்வீர்கள். ஒருமுறைகூடக் கழலாதவர் தனக்குச் சுலபமான ரைடையே ஓட்டிக்கொண்டிருக்கிறார். உடனே ரைடை மூடிவிட்டுப் போகாதீர்கள். ஒரு நிமிடம் லேசாக மிதித்து மூச்சைத் திரும்பப் பிடியுங்கள், பட்டியலில் பின்னால் யார் எத்தனை வினாடியில் வருகிறார்கள் என்று பாருங்கள், அநேகமாக உங்களைப்போல உதிர்ந்த நாலைந்து பேர் சேர்ந்து வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் வந்து சேரும் நேரத்தில் வேகத்தைக் கூட்டி அவர்களோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சின்னக் கூட்டம்தான் சில நாள் முதல் குழுவைவிட நல்ல ரைடாக அமையும், ஏனென்றால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கால்.

முடிந்த பிறகு ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: எத்தனையாவது நிமிடத்தில், எந்த இடத்தில் கழன்றீர்கள், அப்போது இதயத் துடிப்பு என்ன. முதல் ஐந்து நிமிடத்தில் என்றால் உடம்பு சூடாகவில்லை அல்லது குழுவே ஒரு படி மேல். சின்ன மேடுகளில் ஒரு நிமிட அழுத்தத்தில் என்றால் உங்களுக்குக் குறை அந்த ஒரு நிமிடத் தெம்பில், வாரத்தில் ஒரு நாள் குழுப் பயிற்சியில் குட்டி அழுத்தங்கள் உள்ள பாடத்தை எடுங்கள். நாற்பதாவது நிமிடத்துக்கு மேல், வாட் அதே இருக்க இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போய் விட்டீர்கள் என்றால் மின்விசிறி, தண்ணீர், அல்லது நீண்ட நேரம் ஓட்டிப் பழக்கமில்லாதது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, அதனால்தான் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

வாரத்துக்கு எத்தனை, எப்போது படி ஏறுவது

இரண்டு. மூன்றாவது கடின ரைடுக்குக் கை பரபரக்கும், குழுவாக ஓட்டுவதில் ஒரு போதை இருக்கிறது, இருந்தாலும் இரண்டு. நடுவில் குறைந்தது ஒரு முழு நாள் இடைவெளி, முடிந்தால் 48 மணி நேரம். மற்ற நாட்களில் எஃப்டிபியில் 60 முதல் 70 சதவீதத்தில், மூக்கால் மூச்சுவிட்டுப் பேச முடிகிற அளவில், முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ. மெதுவான ரோபோவோடு போகலாம். அங்கே யாராவது தாண்டிப் போனால் துரத்தத் தோன்றும். துரத்தினால் அது மூன்றாவது கடின ரைடு.

ஒரே வார ரைடை விடாமல் பிடித்து ஓட்டுங்கள், ஒவ்வொரு வாரமும் புதிது புதிதாக மாற்றினால் முன்னேறினீர்களா என்று தெரியாது. அதே ரைடை மூன்று வாரம் தொடர்ந்து குழுவுக்குள்ளேயே முடித்து, கடைசிப் பத்து நிமிடத்தில் முன்னால் போய் இழுக்கத் தெம்பு மிச்சம் இருந்தால் அப்போது அடுத்த படி: 0.2 அல்லது 0.3 கூடுதலான குழு, அல்லது அதே வேகத்தில் மேடு அதிகமான ரூட், அல்லது ஒன்றரை மணி நேரம். மூன்றையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை எஃப்டிபியை மறுபடி பாருங்கள், எண் மாறியிருந்தால் சதவீதக் கணக்கு முழுக்க மாறும், நேற்றுவரை 88-ஆக இருந்த ரைடு இன்று 82.

காய்ச்சலோ பயணமோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால் பழைய குழுவுக்கே நேராகத் திரும்பாமல் ஒரு படி கீழே சேருங்கள். முதல் ரைடில் இதயத் துடிப்பு வழக்கத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு கூடக் காட்டினால் அடுத்த வாரமும் அங்கேயே.